ஊரோர நிலமும் ஊராட்சி அரசியலும்: பணத்தின் தடத்தைப் பத்திரங்களில் தேடும் முறை

கோயம்புத்தூரிலிருந்து அன்னூர் சாலையிலோ, திருப்பூரிலிருந்து பல்லடம் சாலையிலோ, ஈரோட்டிலிருந்து பெருந்துறைச் சாலையிலோ பத்துக் கல் போனால், நேற்றுவரை சோளத்தட்டு நின்ற காட்டில் வெள்ளையடித்த மனைக்கற்கள் வரிசையாக நிற்பதையும், அவற்றுக்கு முன்னால் கொடி கட்டிய வளைவு ஒன்று எழுந்திருப்பதையும் காணலாம். ஊருக்குள் குடிநீர்க் குழாய் வந்து சேராத நிலையில், ஆளில்லாத அந்த மனைப்பிரிவுக்குத் தெருவிளக்குக் கம்பம் முதலில் போய்விட்டிருந்தால், அந்த முடிவை யார், எப்போது, எந்த அதிகாரத்தில் எடுத்தார் என்ற கேள்வி அங்கே குடியிருப்பவருக்கு எழுவது இயல்பு. அந்தக் கேள்விக்குத் தேநீர்க்கடைப் பேச்சில் கிடைக்கும் பதிலை விட்டுவிட்டு, ஆவணங்களிலிருந்து பதில் தேடுவது எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன். கொங்கு நாட்டின் ஊரோரப் பகுதிகளை மனத்தில் வைத்தே எழுதுவதால், சென்னையின் புறநகருக்கு இதில் சில செய்திகள் பொருந்தாமல் போகலாம்.

தொடங்குவதற்கு முன் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். தொழிலதிபர் ஒருபுறமும் அரசியல்வாதி மறுபுறமும் நிற்க, நடுவே பணப்பை கைமாறுகிறது என்ற படம் நம் ஊர்களுக்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை. பூமி விற்பவர், அதை வாங்கி மனை போடுபவர், சாலைப் பணியை ஒப்பந்தம் எடுப்பவர், ஊராட்சி ஒன்றியத்தில் உறுப்பினராக இருப்பவர் ஆகிய நால்வரும் ஒரே ஆளாகவோ, மாமன் மச்சான் முறையினராகவோ, ஒரே கோயில் திருப்பணிக் குழுவில் அமர்ந்திருப்பவராகவோ இருக்கிறார்கள். கிராம ஊராட்சித் தலைவர் தேர்தல் சட்டப்படி கட்சிச் சின்னம் இல்லாமல் நடக்கிறது. ஆனால் ஒன்றிய, மாவட்ட ஊராட்சி உறுப்பினர் தேர்தல்கள் கட்சி அடிப்படையில் நடப்பதால், சின்னமில்லாத தேர்தலுக்குப் பின்னாலும் கட்சிக்காரரின் செலவு இருக்கிறது. நிலமும் தறியும் நூற்பாலையும் கட்சிப் பொறுப்பும் ஒரே உறவு வட்டத்துக்குள் சுற்றும் இடத்தில், லஞ்சம் என்று தனியாக ஒன்று கைமாற வேண்டிய தேவையே பல நேரங்களில் இல்லை. எனவே பணம் வாங்கினாரா என்று தேடிக்கொண்டிருப்பவர் ஒன்றும் காணாமல் ஓய்ந்துபோவார். ஒரு பொது முடிவால் யாருடைய நிலத்தின் மதிப்பு கூடியது, அந்த நிலம் அவர் கைக்கு எந்தத் தேதியில் வந்தது என்று தேடுபவருக்கு ஏதேனும் கிடைக்கும்.

எந்த அலுவலகம் எதை முடிவு செய்கிறது

உங்கள் கிராமம் திட்டப் பகுதிக்குள், அதாவது நகர் ஊரமைப்புக்கென்று வரையறுத்த எல்லைக்குள், இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கோயம்புத்தூரைச் சுற்றிய உள்ளூர்த் திட்டப் பகுதிக்கு 1994இல் முழுமைத் திட்டம் (எந்த நிலத்துக்கு எந்தப் பயன்பாடு என்று வகுக்கும் மாஸ்டர் பிளான்) ஒப்புதல் பெற்றது. அடுத்த திட்டத்தின் வரைவு 2024இல்தான் வெளியானது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் நகரம் எத்தனை மடங்கு விரிந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், திட்டத்தில் வேளாண் நிலம் என்று குறிக்கப்பட்ட இடத்தில் இன்று நிற்கும் கல்லூரிக்கும் குடோனுக்கும் தனித்தனியாக நிலப் பயன்பாட்டு மாற்றம் பெற வேண்டியிருந்திருக்கும் என்பது விளங்கும். தனித்தனியாகக் கோப்பு நகரும் இடத்தில்தான் செல்வாக்குக்கு வேலை இருக்கிறது. முழுமைத் திட்டம் காலந்தாழ்வது நிர்வாகச் சோம்பல் மட்டும் அன்று என்பது என் கருத்து. தாமதமே சிலருக்கு வருமானம்.

திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள கிராமங்களில் வேளாண் நிலத்தை மனையாக மாற்ற 2017ஆம் ஆண்டு விதிகள் உண்டு. ஆட்சியரின் கருத்தும் வேளாண்மை இணை இயக்குநரின் தடையின்மைச் சான்றும் அந்தக் கோப்பில் இருக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரக் கிராமங்களில், மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்புக்குள் வரும் ஊராக இருந்தால், இன்னொரு ஒப்புதலும் வேண்டும். மனைப்பிரிவுக்குத் தொழில்நுட்ப ஒப்புதல் நகர் ஊரமைப்புத் துறையிடமிருந்து வருகிறது. சாலைகளையும் திறந்தவெளியையும் ஒப்படைத்த பிறகு இறுதி ஒப்புதலை உள்ளாட்சி அமைப்பு தருகிறது. சாயப்பட்டறைக்கும் செங்கல் சூளைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு தேவை. ஊராட்சித் தலைவரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு ஒன்றிய அலுவலகத்தையும் மாவட்ட அலுவலகங்களையும் மறந்துவிடுவது பலர் செய்யும் பிழை. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் நாற்காலியில் இல்லாத காலத்தில் எடுக்கப்பட்ட முடிவுகளைத் தனியாகக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அப்போது செல்வாக்கு ஊராட்சி மன்றத்தை விட்டு ஒன்றிய அலுவலகத்தின் பக்கம் நகர்ந்திருக்கும்.

தேதி வரிசை

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒரே ஒரு முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் நடக்கும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தேடினால் எதுவும் முடியாது. ஒரு இட்டேரி (தோட்டங்களுக்கு இடையே வேலிகளுக்கு நடுவில் போகும் வழி) அகலப்படுத்தப்பட்டுத் தார்ச்சாலை ஆனது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சாலைக்கான ஊராட்சி அல்லது ஒன்றியத் தீர்மானம் எப்போது நிறைவேறியது, ஒப்பந்தப்புள்ளி எப்போது கோரப்பட்டது, பணி ஆணை யாருக்கு எப்போது போனது, சாலையின் இருபுறமும் உள்ள புல எண்கள் எவை, அவை கடந்த பத்து ஆண்டுகளில் எப்போது யாரிடமிருந்து யாருக்குக் கைமாறின, அவற்றில் எவற்றுக்கு நிலப் பயன்பாடு மாறியது, மனை ஒப்புதல் எப்போது கிடைத்தது என்பதை ஒரே தாளில் தேதி வாரியாக எழுதுங்கள். அதே தாளின் ஓரத்தில், அந்தத் தேதிகளில் ஊராட்சியிலும் ஒன்றியத்திலும் சட்டமன்றத்திலும் பொறுப்பில் இருந்தவர்களின் பதவிக்காலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு வேண்டிய ஆவணங்களில் பாதி இணையத்திலேயே கிடைக்கின்றன. பட்டா, புல எண் வாரியாக நிலத்தின் வகைப்பாட்டைக் காட்டும் அ-பதிவேடு, புல வரைபடம் ஆகியவற்றை வருவாய்த் துறையின் இணையச் சேவையிலும், வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறையின் தளத்திலும் பார்க்கலாம். மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ 12 சென்ட்டுக்கு மேற்பட்டதாக இருந்தால், அது தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அந்தப் பதிவில் மேம்படுத்துநரின் பெயரும் ஒப்புதல் பெற்ற வரைபடமும் இருக்கும். மேம்படுத்துநர் ஒரு கம்பெனி என்றால் அதன் இயக்குநர்களின் பெயர்களை ஒன்றிய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் காணலாம். அ-பதிவேட்டில் ஓடை, வண்டிப்பாதை, மேய்ச்சல் என்று வகைப்பாடு எழுதியிருக்கும் புல எண்களைக் குறிப்பாகப் பாருங்கள். மனைப்பிரிவின் விளம்பர வரைபடத்தில் அந்த இடம் முப்பதடிச் சாலையாகவோ பூங்காவாகவோ மாறியிருந்தால் அது கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் எல்லா இட்டேரியும் புறம்போக்கு அன்று. இரு தோட்டக்காரர்கள் தத்தம் பட்டா நிலத்தில் பாதிப்பாதி விட்டு, கிளுவை வேலி போட்டு உண்டாக்கிய வழிகள் நம் பக்கம் நிறைய உண்டு. அவை மறைவது வருத்தத்துக்குரியதாக இருந்தாலும் ஆக்கிரமிப்பு ஆகாது.

தேதிகளை எழுதி முடித்த பிறகு, அவற்றிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம், என்ன முடிவுக்கு வரக்கூடாது என்பதில் நிதானம் தேவை. சாலைத் தீர்மானத்துக்கு மூன்று மாதம் முன்பு ஒருவர் இருபுறமும் பூமி வாங்கினார் என்பது மட்டும் எதையும் மெய்ப்பிக்காது. மில்லிலும் பனியன் கம்பெனியிலும் வந்த மிச்சத்தைப் பூமியில் போடுவது நம்மவர்களின் பழைய வழக்கம்; வாங்கிக்கொண்டே இருப்பவர் வாங்கிய ஏதோ ஓர் இடத்துக்குச் சாலை வரத்தான் செய்யும். அதே ஆள், அல்லது அவர் இயக்குநராக உள்ள அதே கம்பெனி, இரண்டு மூன்று ஊர்களில் தொடர்ந்து தீர்மானத்துக்குச் சற்று முன்பாக வாங்கி, ஒப்புதலுக்குச் சற்றுப் பின்பாக விற்றிருந்தால்தான் அங்கே ஒரு முறைமை தெரிகிறது. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: பதிவு செய்யாத கிரய உடன்படிக்கை வில்லங்கத்தில் வராது. ஊர்ப்பெரியவர் பெயரில் பட்டா இருக்க, அவரிடம் முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டவர் வேறொருவராக இருப்பார். மனை விற்பனை தொடங்கும்போதுதான் பவர் பத்திரம் வழியாக அவர் பெயர் வெளியே வரும்.

மனைப்பிரிவின் சென்ட் கணக்கு

செல்வாக்கின் தடம் மிகத் தெளிவாகத் தெரியும் இடம் திறந்தவெளி நிலம். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 74 சென்ட்டுக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலான பரப்பில் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் திறந்தவெளியாக விட்டு, தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர்வரை, நிலம் விட முடியாத நிலையில் அதற்கு ஈடாக வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். அதற்கு மேல் நிலமாகவே தர வேண்டும். பத்தாயிரம் சதுர மீட்டர் என்பது 2 ஏக்கர் 47 சென்ட். ஒருவரே அடுத்தடுத்து இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட், இரண்டு ஏக்கர் முப்பது சென்ட் என்று துண்டுதுண்டாக ஒப்புதல் வாங்கியிருந்தால், அந்தப் பகுதியில் குழந்தைகள் விளையாட ஓர் இடம்கூட இல்லாமல் போனதற்கான காரணம் அந்தக் கணக்கில் இருக்கக்கூடும்.

ஒப்படைத்த நிலத்தையும் நேரில் போய்ப் பாருங்கள். தானப்பத்திரத்தில் சதுரமாக இருக்கும் பூங்கா, களத்தில் ஓடைப் பள்ளத்தின் கரையோரம் நீண்டு மெலிந்த வாலாக இருக்கலாம். பத்தாண்டுக்குப் பிறகு அதில் கோயிலோ, சங்கக் கட்டடமோ, கட்சிக் கொடிமேடையோ எழுந்திருக்கலாம். கோயில் என்றதும் யாரும் பேசமாட்டார்கள் என்பது தெரிந்தே கட்டுவார்கள்.

ஒப்புதல் இல்லாத மனைகளைப் பொறுத்தவரை, சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் அவற்றின் பதிவுக்குத் தடை விதித்தது. பின்னர் 2016 அக்டோபர் 20க்கு முற்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த அரசு 2017இல் விதிகள் கொண்டுவந்தது. ஆகவே ஒரு மனைப்பிரிவு அந்தத் தேதிக்கு முன் உண்மையிலேயே இருந்ததா என்பதைப் பழைய செயற்கைக்கோள் படத்தோடும் முதல் மனை விற்ற பத்திரத்தின் தேதியோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ள வேலை.

காரணம் கேட்காமல் நகல் கேளுங்கள்

இணையத்தில் கிடைக்காதவற்றுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனு. முப்பது நாளில் பதில். வராவிட்டாலோ நிறைவளிக்காவிட்டாலோ முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன்பின் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். மனு தோற்பது பெரும்பாலும் கேட்கும் விதத்தால்தான். "ஏன் இந்த மனைப்பிரிவுக்கு முறைகேடாக ஒப்புதல் தந்தீர்கள்" என்று கேட்டால், அது தகவல் வரையறைக்குள் வராது என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள். "2019 டிசம்பர் முதல் இன்றுவரை இவ்வூராட்சிக்குள் இறுதி ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவுகளின் பட்டியல், ஒவ்வொன்றிலும் ஒப்படைக்கப்பட்ட திறந்தவெளியின் புல எண், பரப்பு, தானப்பத்திர எண், ஒப்புதல் தீர்மானத்தின் நகல்" என்று கேட்டால் தட்டிக்கழிப்பது கடினம். ஒரு மனுவில் ஒரு பொருள் மட்டும் வையுங்கள். கோப்பை நேரில் பார்வையிடும் உரிமையும் அதே சட்டத்தில் உண்டு. நகல் வாங்குவதைவிட இது மேலானது, ஏனெனில் கோப்பின் ஓரக்குறிப்புகளில், எந்த மேசையில் எத்தனை நாள் தங்கியது, எந்த நாளில் திடீரென்று நகர்ந்தது என்பதெல்லாம் தெரியும். ஒன்பது மாதம் தூங்கிய கோப்பு ஒரே வாரத்தில் நான்கு மேசைகளைத் தாண்டியிருந்தால், அந்த வாரத்தை உங்கள் தேதி வரிசையில் சிவப்பு மையில் எழுதுங்கள்.

தேர்தல் கணக்குகளால் இந்த வேலைக்குக் கிடைக்கும் உதவி குறைவு. 2019 உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சித் தலைவர் வேட்பாளரின் செலவு வரம்பு 34,000 ரூபாய். நம் பகுதியில் ஒரு காதுகுத்துக்குப் பந்தல் போடக்கூட அது போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். கட்சிகளுக்கு நன்கொடை தரும் வழியாக இருந்த தேர்தல் பத்திரங்களை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்த பின் வெளியான பட்டியலில், 1,368 கோடி ரூபாய்க்கு வாங்கி முதலிடத்தில் இருந்த லாட்டரி நிறுவனம் கோயம்புத்தூர் முகவரி கொண்டது என்பது பெரிய செய்திதான்; ஆனால் உங்கள் ஊர்ப் பள்ளத்தின் மேல் பாலம் ஏன் வந்தது என்பதை அந்தப் பட்டியல் சொல்லாது. வேட்பாளர்களின் உறுதிமொழிப் பத்திரம் மட்டும் ஓரளவு உதவும். அதில் அசையாச் சொத்துகளின் இருப்பிடமும் வாங்கிய தேதியும் இருப்பதால், சட்டமன்ற வேட்பாளர் அடுத்தடுத்த தேர்தல்களில் தந்த பத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள்.

சபையிலும் ஆட்சேபத்திலும்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. அங்கே எழுந்து ஆவேசமாகப் பேசுவதைவிட, எழுத்தில் ஒரு தீர்மான வரைவைக் கொண்டுபோவது மேல். "மேற்படி புல எண்ணில் உள்ள ஓடையை வருவாய்த் துறையைக் கொண்டு அளந்து எல்லைக்கல் நட இச்சபை கோருகிறது" என்பது போன்ற தீர்மானத்தை எதிர்ப்பது யாருக்கும் எளிதன்று. யார் மீதும் பழி இல்லை, அளக்கச் சொல்வது மட்டுமே. வருகைக் குறைவெண்ணையும் கவனியுங்கள்: 3,001 முதல் 10,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். கையெழுத்துப் பதிவேடு வீடு வீடாகச் சுற்றி நிறைவது உண்டு என்பதால், கூட்டம் முடிவதற்குள் தீர்மானப் புத்தகத்தில் உங்கள் தீர்மானம் எழுதப்பட்டதா என்று கண்ணால் பார்த்துவிட்டே வீடு திரும்புங்கள்.

முழுமைத் திட்ட வரைவு வெளியாகும்போது, 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். அந்த இரண்டு மாதத்தில் மனைத் தொழில் செய்பவர்கள் தத்தம் புல எண்களோடு மனு போட்டுவிடுவார்கள். குடியிருப்பவர்களோ வரைபடத்தையே பார்த்திருக்க மாட்டார்கள். உங்கள் ஊரின் குளம், குட்டை, பள்ளம், வாய்க்கால் ஆகியவற்றின் புல எண்களை இப்போதே பட்டியலிட்டு வைத்திருந்தால், வரைவு வரும் நாளில் அவை விடுபட்டிருக்கின்றனவா என்று ஒரே மாலையில் சரிபார்த்துவிடலாம்.

ஊராட்சியை மாநகராட்சியோடு இணைக்கும் பேச்சு வரும்போதும் இதே விழிப்பு தேவை. 2011இல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம், துடியலூர், வடவள்ளி முதலியவை கோவை மாநகராட்சியில் சேர்ந்து, 72 வார்டுகள் 100 ஆயின. இணைப்பால் மனை வைத்திருப்பவருக்கு விலை ஏறுகிறது. கூலிக்குப் போகும் பெண்களுக்கு ஊரக வேலைத் திட்டம் நின்றுபோகிறது. இணைப்பு வேண்டும் என்று கூட்டத்தில் யார் யார் பேசினார்கள் என்பதையும், அவர்கள் பெயரிலுள்ள நிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் சில வாதங்களின் வேர் தெரியும்.

இவற்றால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு நொய்யல் ஆற்றைச் சொல்வேன். திருப்பூரின் சாயக்கழிவு அந்த ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியபோது, ஏற்றுமதி வருமானத்தைக் காட்டிய தொழிலுக்கு எதிராகக் கீழ்மடை விவசாயிகள் பக்கம் நிற்க எந்தப் பெரிய கட்சிக்கும் விருப்பமில்லை. பாசனதாரர்கள் ஆண்டுக்கணக்கில் நடத்திய வழக்கின் முடிவில், 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. தேர்தலில் கிடைக்காத எடை, நீரின் உப்பளவைக் காட்டிய ஆய்வறிக்கைகளுக்கு நீதிமன்றத்தில் கிடைத்தது. கோவையை ஒட்டிய தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண் தோண்டிய செங்கல் சூளைகள் 2021இல் மூடப்பட்டதற்கும் மனுக்களும் வழக்குகளுமே வழிவகுத்தன. அன்னூரிலோ கதை வேறு. அங்கே தொழிற்பூங்காவுக்கு நிலம் எடுக்கும் அறிவிப்பை எதிர்த்து விவசாயிகள் திரண்டபோது, 2022 டிசம்பரில் தனியார் நிறுவனம் ஒன்றின் வசமிருந்த 1,600 ஏக்கர் சொச்சத்தை மட்டும் எடுப்பதாகவும், விவசாயிகளின் நிலம் அவர்கள் விரும்பினால் மட்டுமே பெறப்படும் என்றும் அரசு சொல்ல வேண்டியதாயிற்று. வீதியில் நின்றதால் வந்த வெற்றி அது.

சொந்தக்காரராக இருந்தால்

தேதி வரிசை நிறைவடையும்போது, அதில் வரும் பெயர் உங்கள் பங்காளியாகவோ, உங்கள் பெண்ணுக்கு வேலை வாங்கித் தந்தவராகவோ, உங்கள் தறிக்குப் பாவு நூல் தருபவராகவோ இருப்பதற்கு வாய்ப்பு மிகுதி. "நம்மாளுங்க, விட்டுருங்க" என்ற சொல் அங்கேதான் வரும். அந்த நெருக்கடியை எளிதாக்கும் வழி எனக்குத் தெரிந்தவரை ஒன்றுதான். ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் நாளுக்கோ, லஞ்ச ஒழிப்புத் துறைக்கோ, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கோ போவதற்கு முன், ஆள்மேல் குறை எழுதாமல் புல எண்மேல் குறை எழுதுங்கள். பெயரைச் சொல்லாமல் ஆவணத்தை மட்டும் இணைத்த மனுவுக்கு அவதூறு வழக்கு அச்சுறுத்தலும் குறைவு. பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம் என்ற கெடு இருப்பதால், உறவுக்காகக் காத்திருப்பதற்கும் ஒரு கணக்கு வேண்டும்.

மனு போடுவதற்கு முந்தின வாரம் அவரிடமே போய் நோட்டைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். உடன் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். அவர் சொல்லும் விளக்கத்தைத் தேதியோடு அதே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் எடுத்துக் காட்டும் பழைய பத்திரம் உங்கள் வரிசையில் ஒரு வரியைத் தவறென்று காட்டினால், அந்த வரியை அவர் முன்னாலேயே அடித்துவிட்டு, அடித்த காரணத்தையும் பக்கத்தில் எழுதிவையுங்கள். மிச்சமிருக்கும் வரிகளை வைத்து மனுவை எழுதலாம்.